அழுகையும் பெருமிதமும்: ராதிகாவின் சின்னத்திரை நடிப்பு

முத்தமிழுள் நாடகத்தையும் ஒன்றாக வைத்துப் போற்றிய மரபு நம்முடையது. ஆயினும் அந்நாடகம் கூத்துக் களத்திலிருந்து மேடைக்கும், மேடையிலிருந்து வெள்ளித் திரைக்கும், அங்கிருந்து நம் வீட்டுக் கூடத்துப் பெட்டிக்கும் இடம் பெயர்ந்த ஒவ்வொரு முறையும் கற்றோர் அதனை முதலில் இகழ்ந்தனர். காலம் கடந்த பின்னரே ஆராயத் தலைப்பட்டனர். தெருக்கூத்துக்கு இன்று பல்கலைக்கழகங்களில் ஆய்வேடுகள் உண்டு. பழைய திரைப்படங்களுக்கு வரலாற்று நூல்கள் உண்டு. தொலைக்காட்சி நெடுந்தொடர் மட்டும் இன்னும் இகழ்ச்சிக் கட்டத்தைத் தாண்டவில்லை. அதனைப் பார்ப்போர் கோடிக்கணக்கில் இருக்க, அதனைப் பற்றிச் சிந்திப்போர் மிகச் சிலராகவே உள்ளனர். இலக்கியக் கட்டுரைகளுக்கென வெளிவரும் சங்க மலரில் நெடுந்தொடர் நடிகை ஒருவரைப் பற்றிய திறனாய்வுக்கு இடமுண்டோ என ஐயுறுவோர் இருக்கக்கூடும். நம் இல்லங்களில் ஆண்டுக்கணக்காக, இரவுதோறும், அரைமணி நேரம் ஒலித்த தமிழ் எத்தகையது, அத்தமிழைப் பேசிய பெண் எத்தகையவள் என்னும் வினாக்கள் இலக்கிய வினாக்களே அன்றோ? அவ்வினாக்களை ராதிகாவின் நடிப்பை முன்வைத்து எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அளவுகோல் ஒன்றை முதலில் வகுத்துக்கொள்வோம். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளை வகுத்து, ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களன்களிலிருந்து தோன்றும் என்பார். அழுகை பிறப்பதற்கு இழிவுபடுதல், இழத்தல், நிலை தாழ்தல், வறுமை என்பன காரணங்கள். பெருமிதம் பிறப்பதற்குக் கல்வி, அஞ்சாமை, புகழ், ஈகை என்பன காரணங்கள். நெடுந்தொடரை இதுகாறும் கண்டவர்கள், அழுகைக்குக் கூறப்பட்ட நான்கு காரணங்களையும் ஒரே வாரத்தில் கண்டிருப்பர். நாயகி இழிவுபடுவாள், உடைமையை இழப்பாள், நிலை தாழ்வாள், வறுமையுறுவாள். கண்ணீரே அக்கலையின் மூலதனம் என்று நகைப்போர் கூற்றில் உண்மையில்லாமல் இல்லை. அம்மூலதனத்தைக் கொண்டே தொடங்கி, அழுகையின் களத்தில் பெருமிதத்தை நாட்ட முயன்றமையே ராதிகாவின் தனிச் சிறப்பு. அம்முயற்சிக்கு அவருக்குத் துணை நின்ற கருவி அவருடைய குரல். தடையாய் நின்றது, அவரே தயாரிப்பாளராக இருந்து வளர்த்தெடுத்த நெடுந்தொடர் என்னும் வடிவம். இவ்விரண்டையும் ஒருங்கே கண்டாலன்றி அவர் கலையை நேர்மையாக மதிப்பிட இயலாது.

குரலிலிருந்தே தொடங்குவோம். ராதிகா, நடிகவேள் எம். ஆர். ராதாவின் மகள். ஒரே சொற்றொடருக்குள் கீச்சுக் குரலையும் கட்டைக் குரலையும் மாற்றி மாற்றி ஒலித்து, ஒரு மனிதனுக்குள் இருவரை நிறுத்திக் காட்டியவர் ராதா. 1954இல் வெளிவந்த 'இரத்தக்கண்ணீர்' படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் அவர் நடிப்பின் பெரும்பகுதி நம்மை வந்தடையும். மேடையிலிருந்து வந்தவர்க்கு அது இயல்பு. மகளோ மேடையில் வளர்ந்தவரல்லர். இலங்கையிலும் இங்கிலாந்திலும் பயின்றவர். 1978இல் பாரதிராஜாவின் 'கிழக்கே போகும் ரயி'லில் சிற்றூர்ப் பெண் பாஞ்சாலியாகத் தோன்றியபோது, தமிழை நாவிற்குப் பழக்கிக்கொள்ள வேண்டிய நிலையில் இருந்தார். அயல்மொழிச் சூழலில் வளர்ந்த ஒரு பெண், தமிழ்நாட்டுச் சிற்றூரின் பேச்சை முயன்று கற்றுத் திரையில் பேசினாள் என்னும் இச்செய்தி, புலம்பெயர்ந்து வாழும் நம்மனோர்க்கு நெருக்கமானது. மொழி பிறப்பால் மட்டும் வருவதன்று. பயிற்சியாலும் வரும் என்பதற்கு இது சான்று.

அப்பயிற்சி எவ்வளவு விரைவாகக் கனிந்தது என்பதை ஒரு செய்தி காட்டும். 1985இல் வந்த 'முதல் மரியாதை'யில் நடிகை ராதா ஏற்ற குயில் என்னும் பாத்திரத்திற்குக் குரல் கொடுத்தவர் ராதிகாவே. தமிழைத் தட்டுத்தடுமாறிப் பேசிய பெண், ஏழே ஆண்டுகளில் மற்றொரு நடிகையின் முகத்திற்குச் சிற்றூர்த் தமிழை வழங்கினார். சிவாஜி கணேசன் என்னும் பெருங்குரலுக்கு எதிரே அக்குரல் தாழ்ந்துபோகாமல் நின்றது. திரையில் தோன்றாமலேயே ஒரு பாத்திரத்தை உயிர்ப்பிக்க வல்லவர், பின்னாளில் சின்னத்திரையை ஆள்வார் என்பதை அன்றே யாரேனும் ஊகித்திருக்கலாம். ஏனெனில் தொலைக்காட்சித் தொடர், பார்க்கப்படுவதைக் காட்டிலும் கேட்கப்படுவதே மிகுதி. அடுக்களையில் சப்பாத்தி இடுபவளும், அடுத்த அறையில் துணி மடிப்பவளும், கணக்குப் போடும் சிறுவனும் அதனைக் காதால் தொடர்வர்; குரல் உயரும்போது மட்டுமே கூடத்திற்கு வந்து எட்டிப் பார்ப்பர். இத்தகைய கலையில் முகத்தினும் குரலே முதன்மையானது.

திரைப்படத்தில் அவர் ஏற்ற பாத்திரங்களுள் அழுகையின் எல்லையைத் தொட்ட இரண்டை ஈண்டு நினைவுகூர்தல் தகும். கே. விசுவநாத் தெலுங்கில் இயக்கி 1986இல் வெளிவந்த 'சுவாதி முத்யம்', தமிழில் 'சிப்பிக்குள் முத்து' என வந்தது. அதில் அவர் குழந்தையுடன் வாழும் இளம் கைம்பெண். கோயில் திருவிழாவின் நடுவே, உலகமறியாத ஒருவன் அவள் கழுத்தில் தாலி கட்டிவிடுகிறான். அக்கணத்தில் அம்முகத்தில் அச்சம், நாணம், சினம், அழுகை ஆகிய நான்கும் ஒன்றையொன்று முந்துகின்றன; எதுவும் முழுமையாக வெளிப்படுவதில்லை. அடக்கி வைக்கப்பட்ட அழுகையே அவருடைய வலிமை என்பதை அக்காட்சி உணர்த்தியது. அதே ஆண்டில் இந்தியில் வந்த 'நசீப் அப்னா அப்னா', வடபுலத்து மக்களுக்கு அவரை அறிமுகம் செய்தது. தமிழில் 'கோபுரங்கள் சாய்வதில்லை' என வந்த கதையின் இந்தி வடிவம் அது. தூக்கி நிற்கும் சடையுடன், கணவனின் வீட்டிலேயே பணிப்பெண்ணாகத் தொண்டு செய்யும் சந்தோ என்னும் அப்பாத்திரத்தை, நம் அண்டை வீட்டு இந்தி மக்களுள் மூத்தோர் பலர் நினைவில் வைத்திருப்பர். அங்கே பொறுமையே வெற்றியின் வழி. பெருமிதத்திற்கு அக்கதையில் இடமில்லை. சந்தோவிலிருந்து சித்திக்கு அவர் நடந்த தொலைவே அவர் கலை வாழ்வின் வரலாறு என்று கூறலாம்.

இனிச் சின்னத்திரைக்கு வருவோம். நெடுந்தொடர் என்னும் வடிவம் அமெரிக்க வானொலியில் 1930களில் தோன்றியது. வழலைக்கட்டி நிறுவனங்கள் விளம்பரப் பொருட்டு அதனைப் பேணியமையால் 'சோப்பு நாடகம்' எனப் பெயர் பெற்றது. இந்தியாவில் 1984ஆம் ஆண்டு சூலையில் தூர்தர்சன் ஒளிபரப்பத் தொடங்கிய 'ஹம் லோக்' அதன் முதல் வடிவம். தமிழகத்திற்கு வெளியே வாழ்ந்த நம் குடும்பங்கள், நெடுந்தொடர்ச் சுவையை முதலில் இந்தியிலேயே அறிந்தன. 1993 ஏப்ரலில் சன் தொலைக்காட்சி தோன்றி, கேபிள் இணைப்பு வழியே கரோல்பாக்கிற்கும் மாதுங்காவிற்கும் வந்து சேர்ந்த பின்னரே, அன்றாடத் தமிழ் நம் கூடங்களில் ஒலிக்கலாயிற்று. அதுகாறும் ஊர்க் கடிதமும், கோடை விடுமுறைப் பயணமும், சங்கத்து ஆண்டு விழா நாடகமும் தந்த தமிழ்தான் நம் பிள்ளைகளின் செவித்தமிழ்.

ராதிகா 1994இல் ராடான் என்னும் தம் நிறுவனத்தைத் தொடங்கினார். 1999 திசம்பர் 20ஆம் நாள் 'சித்தி' ஒளிபரப்பாகத் தொடங்கியது. சி. ஜே. பாஸ்கர் இயக்கிய அத்தொடரில், மூத்த திரைநடிகரான சிவகுமார் உடன் நடித்தார். 2001 நவம்பர் வரை, 460க்கு மேற்பட்ட பகுதிகளாக அது நீண்டது. திரையுலகில் இருபது ஆண்டுகளைக் கடந்த நடிகைக்கு, அன்று அக்காள், அண்ணி, தாய் ஆகிய வேடங்களே எஞ்சியிருந்தன. நாற்பதை நெருங்கும் பெண்ணொருத்தியைக் கதையின் நடுவே நிறுத்தி, ஆடவரைச் சுற்றிலும் நிற்கச் செய்தது சின்னத்திரை. அந்நிலையைத் தமிழில் உறுதிப்படுத்தியவர்களுள் ராதிகாவே முதன்மையானவர் எனல் மிகையன்று.

'சித்தி' என்னும் சொல்லையே சற்று நோக்குவோம். தாயின் தங்கையும் சித்தி. சிற்றப்பனின் மனைவியும் சித்தி. தந்தை மறுமணம் புரிந்து கொண்டுவந்த மாற்றாந்தாயும் சித்தி. முதலிரண்டில் பாசம் மணக்கும். மூன்றாவதில் நம் கதை மரபு நஞ்சையே கலந்து வைத்திருந்தது. சித்தி கொடுமை என்னும் தொடர் பழமொழிபோல் வழங்கிய சமுதாயத்தில், அச்சொல்லையே தலைப்பாக்கி, அதனைத் தாய்மைக்கு நிகரான சொல்லாக மாற்றிக் காட்டியது அத்தொடர். சாரதா என்னும் அப்பாத்திரத்தை ராதிகா நடித்த முறையில் ஒரு நுட்பம் உண்டு. பெற்ற தாய்க்கு உரிமை பிறப்பால் வருகிறது. சித்தியோ அவ்வுரிமையை நாள்தோறும் ஈட்ட வேண்டியவள். ஆதலின் குழந்தையுடன் பேசும்போது அவர் குரலில் கெஞ்சலும் இல்லை, அதிகாரமும் இல்லை. ஒரு தயக்கம் இருந்தது. அதே குரல், குழந்தைக்குத் தீங்கு சூழ்வோரிடம் திரும்பும்போது தயக்கத்தை உதறிவிட்டு நிமிர்ந்தது. இழிவுபடுத்தப்படும் இடத்தில் அழுகையைத் தேக்கி, அஞ்சாமையாக மாற்றி வெளியிடும் முறை அது. ஏனைய நடிகையர் சினத்தைக் காட்டக் குரலை உயர்த்தினர். அவரோ பல இடங்களில் குரலைத் தாழ்த்தினார், சொற்களுக்கிடையே இடைவெளி விட்டார், இறுதிச் சொல்லை அழுத்தி முடித்தார். கேட்போர் கையிலிருந்த வேலையை நிறுத்தினர்.

இதன் பின்னர் 2002இல் 'அண்ணாமலை', 2005இல் 'செல்வி', 2007இல் 'அரசி', 2009இல் 'செல்லமே', 2013இல் 'வாணி ராணி' எனத் தொடர்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வந்தன. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஒரே முகம் தமிழ் இல்லங்களில் இரவுதோறும் தோன்றிற்று. இவற்றுள் நடிப்புக் கலை நோக்கில் சிறந்தது 'வாணி ராணி' என்பது என் துணிபு. இரட்டைப் பிறவிகளான இரு பெண்களையும் ராதிகாவே நடித்தார். வாணி வழக்கறிஞர், ராணி இல்லத்தரசி. உடன்பிறந்த இருவரை மணந்து ஒரே கூட்டுக்குடும்பத்தில் வாழும் இவர்கள், பிறந்த உறவால் சகோதரியர், புகுந்த உறவால் ஓரகத்திகள். ஆடையும் தலைவாரலும் இருவரையும் வேறுபடுத்தின என்பது உண்மையே. அவ்வேறுபாடு ஒப்பனையாளரின் பணி. நடிகையின் பணி குரலில் இருந்தது. வாணியின் சொற்றொடர்கள் குறுகியவை. கேள்வியை எதிர்பார்த்து நிற்பவை. ராணியின் பேச்சு நீண்டு, வளைந்து, இடையிடையே தன்னைத்தானே திருத்திக்கொண்டு செல்வது. கண்ணை மூடிக்கொண்டு கேட்பவரும் பேசுவது யார் என்று கூறிவிடலாம். தந்தை ஒரே மனிதனுக்குள் இருவரை ஒலித்தார். மகள் இருவரை இருவராகவே ஒலித்தார். ஒருத்தியிடம் கல்வியால் வரும் பெருமிதம். மற்றொருத்தியிடம் ஈகையால் வரும் பெருமிதம். தொல்காப்பியர் பிரித்துக் காட்டிய காரணங்கள் இரண்டும் இரு பாத்திரங்களாகப் பிரிந்து நின்றதைக் காண்கிறோம்.

இவ்வளவும் பாராட்டு. இனிக் குறைகளை மறைத்தல் திறனாய்வு ஆகாது.

முதற்குறை நீளம். 'வாணி ராணி' 2018 இறுதி வரை, 1,700க்கு மேற்பட்ட பகுதிகளாக ஓடிற்று. எந்தக் கதையும் அத்துணை நீளத்தைத் தாங்காது. இந்நீளத்திற்குக் காரணம் கற்பனை வளமன்று, வணிக ஏற்பாடு. சன் தொலைக்காட்சியில் நெடுங்காலம் நிலவிய முறைப்படி, தயாரிப்பாளர் ஒளிபரப்பு நேரத்திற்குக் கட்டணம் செலுத்திப் பெற்று, அதனிடையே வரும் விளம்பர நேரத்தை விற்றுத் தம் செலவை ஈடுகட்ட வேண்டும். மக்களைக் கட்டி வைத்திருக்கும் தொடரை முடித்துப் புதியதைத் தொடங்குதல் பேரிடர். ஆதலின் முடிய வேண்டிய கதை முடிவதில்லை. இறந்தவர் மீள்வர், திருந்தியவர் மீண்டும் கெடுவர். பெருமிதம் என்பது ஒரு முடிவுக்குப் பின் எய்தும் நிலை. போர் முடிந்தால் அன்றோ வீரனுக்குப் பெருமிதம்? முடிவே இல்லாத கதையில், நாயகி வெள்ளிக்கிழமை ஈட்டிய பெருமிதத்தைத் திங்கட்கிழமை இழந்தாக வேண்டும். நடிகை ராதிகா கட்டியெழுப்பியதைத் தயாரிப்பாளர் ராதிகா கலைக்க வேண்டியிருந்தது என்று சொன்னால் கடுமையாகத் தோன்றலாம், உண்மை அதுவே.

இரண்டாவது குறை, நாயகியின் உயர்வுக்கு விலை கொடுத்த பிற பெண்கள். ஒரு பெண்ணை அஞ்சாமையின் வடிவாக நிறுத்த, இன்னொரு பெண் வஞ்சகத்தின் வடிவாக நிற்க வேண்டியதாயிற்று. இளங்கோவடிகள் கண்ணகியை உயர்த்துவதற்கு மாதவியைத் தாழ்த்தினாரல்லர். இருவர்க்கும் தனித்தனி மாண்பு வைத்தார். அந்நெறியை நம் நெடுந்தொடர்கள் மறந்தன. மாமியாரும் நாத்தனாரும் ஓரகத்தியும் சூழ்ச்சி செய்வதற்கென்றே படைக்கப்பட்டனர். ஆடவர் செய்யும் தீமை கதையில் மன்னிக்கப்பட்டது. பெண் செய்யும் தீமை வளர்க்கப்பட்டது. வாணி, ராணி என்னும் இருவரையும் மாண்புடையவராகவே படைத்தமையால் அத்தொடரின் மையம் இக்குறையிலிருந்து ஓரளவு தப்பியது. ஆயினும் அதன் ஓரங்களில் பழைய வழக்கமே நிலவிற்று.

மூன்றாவது, அப்பெருமிதத்தின் எல்லை. இந்நாயகியர் எவரையும் எதிர்ப்பர். குடும்பம் என்னும் அமைப்பை மட்டும் வினவார். அலுவலகத்தில் ஆணையிடுபவள், வீட்டுக்கு வந்ததும் அனைவர்க்கும் பரிமாறிய பின்னரே உண்பாள். அது தியாகம் என்று போற்றப்படும். படித்துப் பணிபுரியும் நம் பெண்கள் இதனைக் கண்டு என்ன கற்றனர்? அஞ்சாதே என்று கற்றனர். அனைத்துச் சுமையையும் நீயே தாங்கு என்றும் கற்றனர். இவ்விரு பாடங்களையும் ஒரே குரல் கற்பித்தது. குரல் இனிமையும் உறுதியும் வாய்ந்ததாக இருந்தமையால், இரண்டாவது பாடமும் ஆழப் பதிந்தது. இதனை நடிகையின் குற்றம் என்பது பொருந்தாது. எனினும் அவர் பொறுப்பில் ஒரு பங்கு இதில் உண்டு.

இக்குறைகளை எல்லாம் கூட்டிக் கழித்த பின்னும், தமிழகத்திற்கு வெளியே வாழும் குடும்பங்களுக்கு இத்தொடர்கள் அளித்த ஒன்றைக் கழித்துவிட இயலாது. எழுத்தறியாது செவியால் மட்டுமே தமிழறிந்த பிள்ளைகள் நம்மிடையே பலர். பள்ளியிலும் தெருவிலும் உறவெல்லாம் 'ஆன்ட்டி', 'அங்கிள்' என்னும் இரு சொற்களுக்குள் அடங்கிவிட்ட நகரங்களில், சித்தி யார், பெரியம்மா யார், நாத்தனார் யார், கொழுந்தன் யார் என்னும் வேறுபாட்டை அவர்கள் கேட்டறிந்தது பெரும்பாலும் இத்தொடர்களிலிருந்தே. ஊடல் எவ்வாறு பேசும், கண்டிப்பு எவ்வாறு பேசும், மன்னிப்பு எவ்வாறு பேசும் என்னும் தொனியறிவைப் பாடநூல் தராது. அத்தமிழில் ஆங்கிலக் கலப்பு மிகுதி என்று புலவர் வருந்துவர், வருத்தம் நியாயமானதே. ஆயினும் வாக்கியத்தின் நடை தமிழ் நடையாகவே இருந்தது. அதனை நாத்தடுக்கின்றி, சொல் சிதையாமல், மூச்சறிந்து பேசிக் காட்டியவர்களுள் ராதிகாவுக்கு முதலிடம் உரியது. தாமே பயின்று பெற்ற தமிழாதலின், ஒவ்வொரு சொல்லையும் அவர் பொறுப்புடன் கையாண்டார் போலும்.

2020 சனவரியில் 'சித்தி'யின் இரண்டாம் பாகம் தொடங்கியது. சாரதா மீண்டும் வந்தார். 2021இல், அரசியலில் முழுமையாக ஈடுபடுவதாக அறிவித்து ராதிகா அத்தொடரிலிருந்து விலகினார். பின்னர் 2024 மக்களவைத் தேர்தலில் விருதுநகர்த் தொகுதியில் நின்று தோல்வியுற்றார். நம் ஆய்வுக்கு உரியது தேர்தலன்று. அவர் விலகிய பின்னும் 'சித்தி' என்னும் பெயருடனேயே தொடர் 2022 வரை ஓடிற்று என்பதே. சித்தி இல்லாத 'சித்தி'! கலைஞரைக் காட்டிலும் ஒளிபரப்பு நேரமே நிலையானது என்னும் அவ்வடிவத்தின் இயல்பை இதைவிடத் தெளிவாக எந்தத் திறனாய்வும் உணர்த்த இயலாது.

ஆயின் அவர் இல்லாத பகுதிகளில் எது குறைந்தது என்பதைக் கேட்போர் செவி அறியும். கதை இருந்தது, சூழ்ச்சி இருந்தது, கண்ணீரும் குறைவின்றி இருந்தது. அழுகையைத் தேக்கி நிமிரும் அக்குரல் மட்டும் இல்லை. அது இல்லாதபோது எஞ்சியது அழுகையே. நெடுந்தொடர் நடிப்பிலும் கலை உண்டா என வினவுவோர்க்கு இவ்வேறுபாடே விடை. சங்கங்கள்தோறும் நாடகப் போட்டிக்கு நடுவராக அமர்வோர், மேடையில் நம் பெண்கள் பேசும் முறையைக் கூர்ந்து கேட்பாராக. சினத்தில் குரலைத் தாழ்த்தி, இறுதிச் சொல்லை அழுத்தி முடிக்கும் பெண் ஒருத்தியேனும் அங்கிருப்பாள். அம்முறையை அவள் எவரிடமிருந்து கற்றாள் என்பதை அவளே அறிந்திருக்க மாட்டாள். நடுவர் அறிந்திருத்தல் நன்று.